புதுப்பிப்பு: கொடைக்கானல் வீட்டின் கல் கணப்படுப்பு

கொடைக்கானலில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்கையில் கருங்கல்லால் கட்டிய கணப்படுப்பு, மூட்டிய முதல் நாளே கூடமெங்கும் புகையை நிரப்பியதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். புகைபோக்கி கூரை முகட்டைவிட ஓரடி தாழ்வாக நின்றதால், முகட்டைத் தாண்டி இறங்கும் மலைக்காற்று புகையைக் கீழே தள்ளியிருக்கிறது. 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விடப் புகைபோக்கி 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், கொத்தனார் மேலும் 3 அடி ஏற்றிக் கட்டினார். தீ எரியும் உட்புறத்திலிருந்த கற்களையும் எடுத்துவிட்டு, கடும் வெப்பம் தாங்கும் தீச்செங்கல் பதித்தோம். ஈரம் ஊறிய கல் நேரடித் தணலில் வெடிக்கக்கூடும், ஒன்றில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் ஏற்கெனவே ஓடியிருந்தது. சாந்து உலர்வதற்காக ஒரு வாரம் சுள்ளிகளை மட்டுமே எரித்தோம். நேற்றிரவு தைல மரக் கட்டைகளை அடுக்கினோம். புகை நேராக மேலேறியது, அம்மா முதன்முறையாக இருமாமல் கணப்படுப்பின் அருகே அமர்ந்திருந்தார்.