கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் வைக்காதீங்க

கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி மஞ்சளாகப் படிந்திருந்தது. பல் துலக்கினால் ரத்தம் கசியும். மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். "கிராம்புத் தைலம் வைம்மா, கிருமியெல்லாம் செத்துடும்" என்று ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார்கள். வேறு எண்ணெயில் கலந்துதான் வைக்கணும் என்று சொல்லவே இல்லை. ராத்திரி பஞ்சில் நனைத்து ஈறோரம் வைத்தபடியே தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த இடம் வெள்ளையாக வெந்து, நாக்கு பட்டாலே தோல் உரிந்து வந்தது. நாலு நாள் ரசம்கூட வாயில் வைக்க முடியவில்லை, வெறும் தயிர் சாதம்தான்.

பிறகு பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிராம்பில் இருக்கும் யூஜெனால் கிருமியைக் கொல்வது நிஜம். பல்லைத் தற்காலிகமாக அடைக்கும் சிமென்ட்டில்கூட அதைத்தான் குழைக்கிறார்களாம். பல் ஆஸ்பத்திரியில் அடிக்கும் அந்த வாசனை அதுதான். ஆனால் நேரடியாக வைத்தால் ஈறையும் சேர்த்துச் சுட்டுவிடும். "அப்புறம், பல்லுக்குப் பின்னாடி மஞ்சளா இருக்கிறது காரைம்மா. எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாயிடுச்சு. எந்த எண்ணெய்க்கும் கரையாது" என்றார். ஸ்கேலிங் செய்து காரையைச் சுரண்டி எடுத்ததும் ரத்தம் நின்றது. என்னை மாதிரி யாரும் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து:
அக்கா, படிக்கவே வலிக்கிறது. எனக்கு ஈறு ஆபரேஷன் முடிந்ததும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமி கொல்லும் மவுத்வாஷ் கொடுத்தார்கள். நன்றாகவே கேட்டது, ஆனால் பல்லில் பழுப்புக் கறை, காபியில் ருசியே தெரியவில்லை. டாக்டர் சொன்ன நாள் வரை கொப்பளித்து நிறுத்திவிட்டு, அவரிடம் கேட்டே நல்லெண்ணெய்க்கு வந்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன், பத்து நிமிஷம். கெட்டியான எண்ணெய் பால் மாதிரி வெளுத்து நீர்த்துவிடும், அப்போது துப்பிவிடுவேன். வாஷ்பேசினில் துப்பாதீங்க, குழாய் அடைத்துக்கொள்ளும். 2008-ல் வெளியான ஒரு சென்னை ஆய்வில் 20 பையன்களை இரண்டு வாரம் கவனித்தார்கள். குளோர்ஹெக்சிடினில் கொப்பளித்தவர்களைப் போலவே நல்லெண்ணெயில் கொப்பளித்தவர்களுக்கும் பல் சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்குத் தெம்பாக இருந்தது.

தாம்பரத்திலிருந்து, பல் மருத்துவர்:
பெரம்பூர் அண்ணா சொன்னது சரி, ஆனால் பிரஷ்ஷை விட்டுவிடாதீங்க. பல்லில் படியும் கிருமி ஒட்டுப் பசை போட்ட மாதிரி ஒரு படலமாக இருக்கும்; தேய்த்தால்தான் பெயரும். எண்ணெய் அதற்குத் துணை, அவ்வளவுதான். ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற கிருமி கொல்லும் பொருளைப் பல மவுத்வாஷ்களில் சேர்க்கிறார்கள். அதற்காக ஓம எண்ணெயைத் தண்ணீரில் விட்டு வீட்டிலேயே தயார் பண்ணாதீங்க. எண்ணெய் கலக்காமல் மேலே மிதக்கும், முதல் வாயிலேயே மொத்தமும் வந்து சுடும். சின்னக் குழந்தைகளுக்கு எண்ணெய்க் கொப்பளிப்பு வேண்டவே வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.