அழைப்பு வந்தால் 4ஜி நெட் நிற்பது ஏன்?

கேள்வி:
4ஜி சிக்னல் முழுசா இருக்கு. அழைப்பு வந்ததும் மேலே 'எட்ஜ்' குறி வந்து நெட் நிற்குது. பேசி முடிச்சு சில விநாடி கழிச்சுத்தான் 4ஜி திரும்புது. டவர் கோளாறா, ஃபோன் கோளாறா?

பதில் 1:
டவரில் பழுதில்லை. 4ஜி-யில் குரலுக்கென்று தனிச் சுற்று (சர்க்யூட் இணைப்பு) கிடையாது, எல்லாமே ஐபி பொட்டலங்கள், அதாவது இணையத்தில் போவதுபோன்ற தரவுத் துண்டுகள்தான். 2ஜி, 3ஜி-யில் குரலை இணைப்பது எம்எஸ்சி என்ற சுவிட்ச். 4ஜி-யில் குரலை இணைப்பது ஐஎம்எஸ் என்ற சர்வர். உங்கள் ஃபோன் அதில் பதிவாகாவிட்டால் அழைப்பு எம்எஸ்சி-க்குப் போகும். அது 4ஜி-யில் ஃபோன்கள் இருக்குமிடத்தைக் கண்காணிக்கும் எம்எம்இ-க்குத் தகவல் சொல்ல, எம்எம்இ ஃபோனைத் தேடிப்பிடித்து 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறக்கிவிடும். 3ஜி-க்கு இறங்கினால் மெதுவாகவாவது நெட் ஓடும். 2ஜி-யில் பெரும்பாலும் குரல் போகும்போது டேட்டா நின்றுவிடும். 'எட்ஜ்' என்பது 2ஜி டேட்டாவின் குறி, அதனால் உங்களுக்கு நடப்பது இதுதான். 2016-ல் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி-யே கிடையாது. அதனால் அங்கே இப்படி இறங்க வழியில்லை.

பதில் 2:
சிம் அமைப்பில் வோல்டிஇ-யை (4ஜி வழியே குரல் அழைப்பு) இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அடித்து, ஃபோன் தகவலில் ஐஎம்எஸ் நிலையைப் பாருங்கள் (சில மாடல்களில் திறக்காது). 'பதிவாகவில்லை' என்றால் ஏபிஎன்-ஐ (டேட்டா இணைப்புக்கான அமைப்பு) ரீசெட் செய்து ஃபோனை மறுதொடக்கம் செய்யுங்கள். ஐஎம்எஸ்-க்கான ஏபிஎன் அழிந்திருந்தாலும் பதிவு நடக்காது. பதிவானதும் குரலுக்கு முன்னுரிமையுள்ள தனிப் பாதை 4ஜி-யிலேயே கிடைக்கும், நெட்டும் ஓடும்.

பதில் 3:
இரண்டு சிம் என்றால் இதையும் பாருங்கள்: ஒரு சிம்மில் பேசும்போது மற்றதன் டேட்டா நிற்பது பல ஃபோன்களில் இயல்பு. ரேடியோவை இரண்டு சிம்மும் மாறிமாறித்தான் பயன்படுத்துகின்றன.