"ஐ வாஸ் ஸ்டோலன்" என்று எழுதிக் கொடுத்தவன் நான்

பரணி:
பெங்களூரு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறும் நெரிசலில் போன் போய்விட்டது. கன்னடம் எழுத வராது, அதனால் ஸ்டேஷனில் புகாரை ஆங்கிலத்திலேயே எழுதினேன். முதல் வரி: 'ஐ வாஸ் ஸ்டோலன் நியர் மெஜஸ்டிக்.' வாங்கிப் படித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் தாளை நீட்டினார். அவருக்குத் தமிழ் தெரியும்போல. "உங்களையே திருடிட்டாங்கன்னா இங்க நிக்கிறது யாரு சார்?" என்றார்.

சட்டென்று அதை அடித்துவிட்டு 'மை போன் வாஸ் ராப்டு' என்று திருத்தினேன். சிரிப்பு இன்னும் கூடியது. கடைசியில் அவரே 'மை போன் வாஸ் ஸ்டோலன்' என்று எழுதி, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

அறைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. 'ஸ்டீல்' என்று எழுதினால் திருடுபோன பொருள் வேண்டும். 'ராப்' என்று எழுதினால் பறிகொடுத்த ஆள் வேண்டும், இல்லையென்றால் பேங்க், கடை என்று ஓர் இடம் வேண்டும். இரண்டையும் கச்சிதமாக மாற்றிப் போட்டிருக்கிறேன். நம்முடைய 'கொள்ளையடி'க்கு இந்தக் கெடுபிடியே கிடையாது. வங்கியைக் கொள்ளையடிக்கலாம், நகையையும் கொள்ளையடிக்கலாம். அந்தப் பழக்கம்தான் கையைப் பிடித்து இழுத்தது.

பிடுங்குவது, தராமல் வைத்துக்கொள்வது பற்றிய ஆங்கிலச் சொற்களில் நீங்களும் வழுக்கி விழுந்திருந்தால் எழுதுங்கள். போன் கிடைக்கவில்லை.

கவுண்டர் நம்பர் 3:
நான் பேங்க்கில் சேர்ந்த புதிதில் கோர்ட்டிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே 'கார்னிஷி ஆர்டர்'. எனக்குத் தெரிந்த கார்னிஷ், உப்புமாவின் மேல் கொத்தமல்லி தூவுவதுதான். மேனேஜரிடம் கேட்டேன். "தூவுறது இல்லப்பா, வழிச்சு எடுக்குறது" என்றார்.

நம் வாடிக்கையாளர் ஒருவர் கடன் வழக்கில் தோற்றிருக்கிறார். அவர் கணக்கில் இருக்கும் பணத்தை அவரிடம் கொடுக்காதே, கோர்ட்டில் கட்டு என்று பேங்க்குக்கு வந்த உத்தரவு அது. சிவில் புரொசீஜர் கோடில் ஆர்டர் 21, ரூல் 46ஏ. பழைய பிரெஞ்சில் கார்னிஷ் என்ற சொல்லுக்கு எச்சரிப்பது என்றும் பொருள் உண்டு. அங்கிருந்துதான் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. மறுநாளே அந்த மனிதர் கவுண்டருக்கு வந்து வித்டிராயல் ஸ்லிப்பை நீட்டினார். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் என்றார். எந்த மொழியில் சொன்னால்தான் என்ன, ஸ்லிப்பைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

'அட்டாச்'சும் இதே ஜாதி. மெயிலில் அது சேர்ப்பது, கோர்ட்டில் ஜப்தி. விபத்து இழப்பீடு தராததற்காக அரசு பஸ்ஸையே ஜப்தி செய்து கோர்ட் வாசலில் நிறுத்திய செய்திகளைப் படித்திருப்பீர்களே, அந்த அட்டாச்.

அப்புறம், பரணி, ராபுக்கு அடிதடியோ மிரட்டலோ இருக்க வேண்டும். தெரியாமல் உருவிக்கொண்டு போனால் அது வெறும் திருட்டுதான்.

நோட்டீஸ் பீரியட்:
பழைய கம்பெனி மூன்று மாதமாக ரிலீவிங் லெட்டர் தரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, 'யூ ஹாவ் டிப்ரைவ்டு மை லெட்டர்' என்று காரமாக ஒரு மெயில் தட்டினேன். பதில் இல்லை. வக்கீல் நண்பன்தான் சொன்னான், டிப்ரைவ் என்றால் பறிப்பது, அதில் பறிகொடுத்த ஆள் முன்னால், பறிபோன பொருள் 'ஆஃப்'புக்குப் பின்னால். 1978-இல் 44-வது திருத்தத்தில் அரசியல் சட்டத்துக்குள் வந்த 300ஏ பிரிவைக் காட்டினான்: 'நோ பெர்சன் ஷல் பி டிப்ரைவ்டு ஆஃப் ஹிஸ் பிராப்பர்ட்டி.' உன் கேஸுக்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டாம், தராமல் வைத்திருப்பதைச் சொல்லும் வித்ஹோல்டு போதும் என்றான். அதையும் ஒரு 'h' எழுத்தை விழுங்கி எழுதினேன். வித், ஹோல்டு இரண்டையும் முழுசாக ஒட்ட வேண்டுமாம். அந்த 'வித்' கூட இருப்பது அல்ல, விலக்கி வைப்பது. வித்டிராவிலும் அதுதான். இலக்கணம் திருந்திய மெயிலுக்கும் பதில் இல்லை என்பது வேறு விஷயம்.

கம்மாக்கரை:
எங்கள் ஊரில் பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில், அதாவது பட்டியில், அடைப்பார்கள். யாருடைய பாஸ்போர்ட்டையாவது 'இம்பவுண்ட்' செய்தார்கள், அதாவது பிடித்து வைத்தார்கள் என்று படித்தால், அது பட்டியில் வைக்கோல் மென்றுகொண்டு நிற்பதுபோலவே எனக்குத் தோன்றும். சொல்லும் அதே பவுண்டுதான்.

வாணி:
மேலதிகாரியின் மகன் இறந்தபோது ஆபீஸ் சார்பில் இரங்கல் மெயில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'பெரெஃப்ட் ஃபேமிலி' என்று எழுதியிருந்தேன். நல்லவேளை, அனுப்புமுன் ஒரு அக்கா பார்த்தார். நம்பிக்கை போனால் பெரெஃப்ட், ஆள் போனால் பெரீவ்டு என்று மாற்றினார். பிறகு அகராதியைப் புரட்டினேன். பெரீவ் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் கொள்ளையடிப்பது என்றே பொருள். ராபும் அதுவும் ஒரே வேர். மகனைப் பறிகொடுத்தார் என்று நாம் சொல்வதும் அந்தப் பறிதானே.

அவர் பதினாறாம் நாள் கழித்து ஆபீஸ் வந்தார். மெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.