யாழினியின் பிறந்தநாளும் மோரிகன் குரோவும்

குழு: கும்பகோணம் வீடு
வியாழன், மாலை 6:40

சுந்தரம்: செல்வி, போனை எடு. குமாரும் எடுக்கவில்லை.

சுந்தரம்: யாழினி நலமா?

மீனா: அத்தை பூஜை அறையில் உட்கார்ந்து அழுகிறார். இரண்டு பேரும் எடுக்கவில்லை என்றால் நாங்கள் என்ன நினைப்பது?

பவானி: என்ன ஆயிற்று அண்ணா?

சுந்தரம்: மதியம் யாழினி அம்மாவிடம் பேசியிருக்கிறாள். "பதினோராவது பிறந்தநாளன்று அவள் செத்துவிடுவாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள் பாட்டி" என்றாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இவளுக்குப் பதினொன்று நிறைகிறது. யார், என்ன என்று கேட்பதற்குள் போன் துண்டித்துவிட்டது. அம்மாவுக்கு ஏற்கெனவே காது மந்தம்.

பவானி: ஐயோ. யாராவது ஜோசியன் ஏதாவது சொல்லித் தொலைத்தானா?

கார்த்தி: அப்பா, அது மோரிகன்.

சுந்தரம்: யார் அது? கூடப் படிக்கிற பிள்ளையா?

கார்த்தி: கதையில் வருகிற பெண். அகிலா அத்தை அனுப்பிய புத்தகம்.

மீனா: அகிலா அனுப்பியதா?

பவானி: அப்படிச் சொல்.

செல்வி: மாமா, போன் உள்ளே சார்ஜில் இருந்தது. யாழினி நன்றாக இருக்கிறாள். கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அதே புத்தகத்தைத்தான் படிக்கிறாள். அத்தையிடம் இப்போதே பேசுகிறேன்.

செல்வி: பேசிவிட்டேன். நம்பவில்லை. குழந்தை முகத்தைக் காட்டு என்கிறார். மீனா அக்கா, வீடியோ போட்டுக் கொடுங்கள்.

மீனா: கொடுத்துவிட்டேன். இப்போது இருவரும் பேசுகிறார்கள்.

குமார்: அலுவலகத்தில் இருந்தேன். இத்தனை செய்தியா? யாருக்கு என்ன?

கார்த்தி: ஒருவருக்கும் ஒன்றும் இல்லை சித்தப்பா.

சுந்தரம்: அகிலா, பத்துப் பதினோரு வயதுக் குழந்தைக்குச் சாவு, சாபம் என்று ஒரு புத்தகத்தை அனுப்பலாமா? கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

அகிலா: கோபம் இல்லை அண்ணா. இங்கே பிரிஸ்பேனில் மணி பதினொன்று தாண்டிவிட்டது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. புத்தகத்தின் பெயர் ‘நெவர்மூர்’. எழுதியவர் ஜெசிகா டவுன்செண்ட், எங்களுக்கு வடக்கே இருக்கிற சன்ஷைன் கோஸ்ட்காரர். 2017இல் வந்தது, அவருடைய முதல் நாவல். முதலை பிடிப்பாரே ஸ்டீவ் இர்வின், நீங்கள் தொலைக்காட்சியில் விடாமல் பார்ப்பீர்களே, அவருடைய மிருகக்காட்சி சாலை நடத்திய குழந்தைகள் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். மறு வருடம் ஆஸ்திரேலியப் புத்தகத் துறை விருதுகளில் ஆண்டின் சிறந்த புத்தகமும் இதுதான். மாந்திரீகம் கற்றுக்கொடுக்கிற புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்கதையும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மீனா: சரி அகிலா.

பவானி: முட்டை போடாத கேக் சொல்லியாகிவிட்டதா செல்வி? ஞாயிற்றுக்கிழமை என் மாமியாரும் வருகிறார்.

செல்வி: சொல்லிவிட்டேன் அண்ணி.

அகிலா: அந்தக் கதையின் உலகத்தில் ஒரு யுகம் முடிகிற கடைசி நாளுக்கு ஈவன்டைட் என்று பெயர். அன்று பிறக்கிற குழந்தைகள் எல்லாம் சாபக் குழந்தைகள். அடுத்த ஈவன்டைட் வருகிற அன்று அவர்கள் செத்துவிடுவார்கள் என்று ஊரே நம்புகிறது. மோரிகன் அப்படிப் பிறந்தவள். பன்னிரண்டு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, நாள் ஒரு வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. அவளுடைய பதினோராவது பிறந்தநாள் அது. யாழினி பாட்டியிடம் சொன்னது இதைத்தான். அன்று ராத்திரி ஜூப்பிட்டர் நார்த் என்ற செம்பட்டைத் தலைமுடிக்காரர் வந்து அவளைக் காப்பாற்றி, நெவர்மூர் என்ற நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். புகையால் ஆன வேட்டை நாய்களும் குதிரைகளும் துரத்திக்கொண்டு வருகின்றன. அவள் சாகவில்லை. கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது.

சுந்தரம்: முன்பின் தெரியாத ஆளோடு குழந்தை போய்விடுகிறதா?

கார்த்தி: அவர் நல்லவர் அப்பா.

சுந்தரம்: அது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

லாவண்யா: மாமா, நானும் படித்திருக்கிறேன். ஜூப்பிட்டருடைய மருமகன் ஒரு பையன் வருகிறான், ஒரு கண்ணை மறைத்துக் கட்டியிருப்பான். ஜாக் என்று கூப்பிடுவார்கள். முழுப்பெயர் ஜான் அர்ஜுனா கொர்ரபாட்டி! எங்கள் நெல்லூர்ப் பக்கம் கேட்கிற பெயர். ஆஸ்திரேலியாக்காரர் எழுதிய கதையில் அதைப் பார்த்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

மீனா: உன் கல்யாணத்துக்கு வந்திருந்தாரே, வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தவர், அவர் கொர்ரபாட்டிதானே?

லாவண்யா: அவர் கொர்லகுண்டா அத்தை.

பவானி: அந்தச் சிமிழ் என்னிடம்தான் இருக்கிறது, யாரும் தேட வேண்டாம்.

குமார்: அகிலா அக்கா, யாழினி பிறந்தநாளுக்குக் கறுப்புக் குடை கேட்கிறாள். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்கிறாள். அதுவும் இந்தப் புத்தகத்தால்தானா?

கார்த்தி: ஆமாம் சித்தப்பா. ஜூப்பிட்டர் மோரிகனுக்குப் பிறந்தநாளுக்குக் கொடுப்பது குடை. வெள்ளியில் நுண்வேலை செய்த கைப்பிடி, நுனியில் குட்டிப் பறவை. நெவர்மூரில் குடை இல்லாமல் எங்கேயும் போக முடியாது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற வண்டி ஒன்று இருக்கிறது. அது வரும்போது குடைக் கைப்பிடியை வளையத்தில் மாட்டித் தொங்கிக்கொண்டு போக வேண்டும், இறங்குமிடம் வந்ததும் குதிக்க வேண்டும்.

மீனா: குதிக்க வேண்டுமா?

கார்த்தி: அதற்கு முன்னால் நெவர்மூரில் அவள் தங்குகிற ஹோட்டலின் மொட்டைமாடியிலிருந்தும் எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு குதிப்பார்கள். பதின்மூன்று மாடி.

மீனா: குமார், உன் வீடு எத்தனையாவது மாடி?

குமார்: மூன்று. அதற்கு மேல் மொட்டைமாடி.

மீனா: சாவியை எடுத்து ஒளித்துவை. இன்றைக்கே.

சுந்தரம்: நான் சொன்னேன் அல்லவா.

செல்வி: அவளிடம் கேட்டேன் அக்கா. "அம்மா, நெவர்மூரில் மட்டும்தான் குடை தாங்கும், தில்லைநகரில் தாங்காது, எனக்குத் தெரியும்" என்றாள். இருந்தாலும் சாவியை எடுத்துவிட்டேன்.

பவானி: நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பு வேண்டாம். சிவப்பில் வாங்கு, பூப் போட்டது கிடைக்கும்.

சுந்தரம்: இதையெல்லாம் விடுங்கள். ஞாயிறு காலை சமயபுரத்தில் அபிஷேகம் செய்துவிட்டு வந்து மதியம் சாப்பாடு வைத்துக்கொள்ளலாம். அம்மா அதைத்தான் சொல்கிறார். சாபம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது, அவருக்கு மனம் ஆறவில்லை.

குமார்: அண்ணா, பத்து மணிக்கு அவள் தோழிகள் எட்டுப் பேர் வருகிறார்கள்.

சுந்தரம்: தோழிகள் சாயங்காலம் வரட்டுமே.

அகிலா: அண்ணா, அபிஷேகம் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்தச் சாபம் என்னவென்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். முதல் அத்தியாயம் தொடங்குவதே சமையலறைப் பூனை செத்துப்போவதில்தான். அதற்குப் பழி மோரிகன் மேல். ஊரில் ஓர் அம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் மோரிகன். யாரோ காய்ச்சிய ஆரஞ்சுப் பழ ஜாம் கெட்டால் மோரிகன். ஒரு பையன் எழுத்துக்கூட்டல் போட்டியில் தோற்றால் அதற்கும் மோரிகன். இதற்கென்று ஓர் அரசாங்க அலுவலகமே இருக்கிறது, சாபக் குழந்தைகள் பதிவகம். மாதாமாதம் புகார்கள் கட்டாக வரும். அந்தக் குழந்தை உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதும். பூனைக்கும் ஜாமுக்கும் இடுப்புக்கும். அவளுடைய அப்பா பெரிய அரசியல்வாதி, மகளோடு ஒரு வேளை நிம்மதியாகப் பேசுவதில்லை. அந்தக் கடிதம் எழுதுகிற பக்கங்களை நான் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போனதே தெரியவில்லை. யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஏன் என்று.

குமார்: அக்கா.

பவானி: பழையதை இப்போது கிளற வேண்டுமா?

அகிலா: கிளறவில்லை அக்கா. நான் பிறந்த வாரம் ஆலை எரிந்தது. அப்பத்தா சாகிற வரைக்கும் "இவள் பிறந்த வேளை" என்றுதான் ஆரம்பிப்பார். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்னை மாடி அறையில் இருக்கச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் செருப்புகள்தான் தெரிந்தன. எனக்கும் அப்போது யாழினி வயதுதான்.

கார்த்தி: இது எனக்குத் தெரியவே தெரியாது அத்தை.

சுந்தரம்: அந்தக் காலத்து மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள் அகிலா. ஆலை எரிந்தது மின்கசிவில். அப்பாவே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பவானி: காப்பீட்டுத் தவணையைக் கட்டாமல் விட்டது பெரிய மாமா. அதை மட்டும் இந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

சுந்தரம்: பவானி, மாமா பெண் இந்தக் குழுவில் இருக்கிறாள்.

பவானி: இருக்கட்டும்.

பவானி: அகிலா, அன்றைக்கு மாடிக்குக் கேசரி கொண்டுவந்து கொடுத்தது நான். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

அகிலா: தெரியும் அக்கா. முந்திரியைத் தனியாகப் பொறுக்கி மேலே வைத்திருந்தாய்.

மீனா: அத்தை குரல் செய்தி அனுப்பச் சொல்கிறார், போடுகிறேன்.

மீனா: [குரல் செய்தி, 1:52]

கார்த்தி: வகுப்பில் இருக்கிறேன், கேட்க முடியாது. பாட்டி என்ன சொல்கிறார்?

மீனா: யாழினி வீடியோவில் இருபது பக்கம் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அத்தைக்குக் கோபமெல்லாம் அந்தப் பெண்ணின் அப்பா மேல் திரும்பிவிட்டது. "பெற்றவனே வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் பேசத்தானே செய்யும்" என்கிறார். ஹோட்டலில் அந்தக் குழந்தைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறார்களா என்று கேட்கிறார்.

லாவண்யா: போடுகிறார்கள் பாட்டி! அவளுக்குத் தனி அறையே இருக்கிறது. அவளுக்குப் பிடித்த மாதிரி அறை தானாகவே மாறிக்கொண்டே இருக்கும். ஹோட்டலை மேற்பார்வை பார்ப்பது பேசுகிற பெரிய பூனை, ஃபெனெஸ்ட்ரா. அது கொஞ்சம் கடுகடுப்பு, ஆனால் பாசம்.

சுந்தரம்: எவ்வளவு பெரிய பூனை?

லாவண்யா: யானை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் மாமா.

சுந்தரம்: அது சரி.

கார்த்தி: அப்பா, அங்கேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்க முடியாது. ஒரு சங்கத்தில் சேர வேண்டும், நான்கு சோதனைகள். நூற்றுக்கணக்கில் குழந்தைகள் வருவார்கள், எடுப்பது ஒன்பது பேர். முதல் சோதனையில் வெற்று நோட்டு ஒன்றில் கேள்வி தானாக எழும். உண்மையான பதில் எழுதாவிட்டால் நோட்டு தீப்பிடித்துவிடும். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஏதோ ஒரு திறமை இருக்கிறது, அவளுடைய நண்பன் ஹாதார்ன் டிராகன் ஓட்டுவான். மோரிகனுக்குத் தன் திறமை என்னவென்றே தெரியாது. கடைசிச் சோதனை வரைக்கும் ஜூப்பிட்டர் சொல்லவே மாட்டார்.

குமார்: கடைசியில் என்ன?

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: கார்த்தி! யாழினி என் போனில்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் மூன்றாவது சோதனையில் இருக்கிறாள்.

கார்த்தி: பார்த்துவிட்டாளா?

செல்வி: பாதி பார்த்துவிட்டாள். உன்னோடு பேச மாட்டேன் என்று சொல்லச் சொல்கிறாள்.

கார்த்தி: அத்தை, இரண்டாவது புத்தகத்தை நான் வாங்கி அனுப்பிவிடுகிறேன், சமாதானம் சொல்லுங்கள்.

அகிலா: இரண்டாவதும் மூன்றாவதும் ஏற்கெனவே பார்சலில் வந்துகொண்டிருக்கின்றன. நீ நேரில் போய்ச் சமாதானம் சொல். நான் அண்ணாவிடம் கேட்பது ஒன்றுதான். தன்மேல் தவறே இல்லாத குழந்தைமேல் ஊர் பழி போட்டால் அதைத் தூக்கி எறியலாம் என்று யாழினி பதினோரு வயதிலேயே தெரிந்துகொள்கிறாள். எனக்கு அது தெரிய முப்பது வயதானது. பரிகாரம், சாபம் என்ற பேச்சை மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் எடுக்காதீர்கள். சாமி கும்பிடுவது வேறு.

சுந்தரம்: பரிகாரம் என்று நான் சொல்லவில்லையே. அபிஷேகம் என்றுதான் சொன்னேன்.

அகிலா: சரி அண்ணா.

சுந்தரம்: அம்மாவை யார் கூட்டிவருவது? எனக்குச் சனிக்கிழமை சங்கக் கூட்டம் இருக்கிறது.

மீனா: ரயிலில் படி ஏற அத்தையால் முடியாது. கார் பேசுங்கள்.

பவானி: போன முறையும் கார் செலவு நாங்கள்தான் கொடுத்தோம்.

குமார்: நான் வருகிறேன் அக்கா, யாரும் செலவு பற்றிப் பேச வேண்டாம். சனி சாயங்காலம் கும்பகோணம் வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு ராத்திரியே திரும்பிவிடுகிறேன். அப்படியானால் கேக்கை யார் வாங்குவது?

செல்வி: அதைத்தான் நானும் கேட்கிறேன்.

மீனா: அத்தை இப்போது போனைக் கேட்கிறார். அகிலாவுக்குத் தனியாக ஏதோ அனுப்ப வேண்டுமாம். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அகிலா: வந்திருக்கிறது. மூன்று நிமிடம். பிறகு கேட்கிறேன்.

குமார்: குடைக் கடையில் நிற்கிறேன். எட்டரைக்கு மூடிவிடுவார்கள். வெள்ளிக் கைப்பிடி எல்லாம் இல்லை, மரக் கைப்பிடிதான். கறுப்பா, சிவப்பா?

பவானி: சிவப்பு.

லாவண்யா: கறுப்பு.

சுந்தரம்: அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அகிலா: கறுப்பு வாங்கு குமார். பணம் நான் அனுப்புகிறேன்.

பவானி: இரண்டையும் வாங்கு. சிவப்பு என் கணக்கில்.