சமுதாயக் கூடத் தளக் கான்கிரீட்டில் ரைஸ்மில் சாம்பல் சேர்ப்பது பற்றி

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ரைஸ்மில்லின் பின்புறம் குவிந்து கிடக்கும் உமிச் சாம்பலைச் சமுதாயக் கூடத்தின் மேல்தளக் கான்கிரீட்டில் கலந்தால் சிமெண்ட் மூட்டைகள் மிச்சமாகும் என்று துபாய்த் தம்பி எழுதியிருந்தார். யோசனையில் பிழையில்லை. ஆனால் அந்தச் சாம்பலைத் தளத்தில் போடக் கூடாது என்பது, மஸ்கட்டில் ரெடிமிக்ஸ் பிளாண்டில் (கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ஆலையில்) வேலை பார்க்கும் என் கருத்து.

ஆயிரம் கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமியும், அதை எரித்தால் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்காதான். சிமெண்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்பை இந்தச் சிலிக்கா பிடித்துக்கொண்டு, சிமெண்ட் தருவது போன்ற பசையாகவே மாற்றிவிடுவதால், கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபட்டு, உப்புக்காற்று கம்பியை எட்டுவது கடினமாகிறது. நம் தாத்தாக்கள் சுண்ணாம்புக் காரையில் செங்கல் தூளான சுர்க்கியைச் சேர்த்ததும் இதே வேதியியல்தான். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-உம் உமிச் சாம்பலை ஏற்கிறது.

சிக்கல் எரிக்கும் விதத்தில் இருக்கிறது. 700 டிகிரிக்குள் பக்குவமாக எரித்தால்தான் சிலிக்கா வினைபுரியும் நிலையில் இருக்கும். சூடு மீறினால் படிகமாகி, வெறும் மணலைப்போல் சும்மா கிடக்கும். மில் பாய்லருக்கு நீராவி வந்தால் போதும், சாம்பலின் பக்குவம் அதற்குப் பொருட்டன்று. சென்ற விடுமுறையில் அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தம்ளர் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். மேலே விரற்கடை கனத்துக்குக் கரி மிதந்தது. பல் துலக்க உதவும் உமிக்கரி, கான்கிரீட்டில் தண்ணீரைக் குடிக்கும். எங்கள் மதில் பூச்சில் இந்த மில் சாம்பலைக் கலந்த கொத்தனார், கலவை இறுக இறுகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். இரண்டே மாதத்தில் சுவரெங்கும் சிலந்தி வலைபோல் வெடிப்பு. மதில் என்பதால் போயிற்று. தளத்தின் கீழே பந்தியில் மனிதர்கள் உட்காருவார்கள்.

சாம்பல் வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த போர்ட்லேண்ட் பொசொலானா) சிமெண்டிலேயே 15 முதல் 35 விழுக்காடு வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. அதன் துகள்கள் உருண்டையானவை. உமிச் சாம்பலைப்போல் தண்ணீர் கேட்பதில்லை. ஆனால் வலிமை மெதுவாகத்தான் ஏறும் என்பதால், தளத்தில் பாத்தி கட்டிக் குறைந்தது 10 நாள், வெயில் காலமானால் 14 நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்க மேஸ்திரி அவசரப்படுத்தினால் ஊர்ச் சங்கம் இணங்கக் கூடாது.

மில் சாம்பலை முற்றத்துத் தரைக் கற்களுக்குச் சோதித்துப் பார்க்கலாம். நன்கு அரைத்துச் சலித்து, சிமெண்டில் பத்தில் ஒரு பங்குக்கு மாற்றாகக் கலந்து, ஆறு கியூப் (வலிமைச் சோதனைக்கான கான்கிரீட் கனசதுரக் கட்டி) வார்த்து, மூன்றை 7-ஆம் நாளிலும் மூன்றை 28-ஆம் நாளிலும் உடைத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் சேராத கலவையிலும் அதேபோல் ஆறு வேண்டும். சோதனைக் கட்டணத்தை நான் ஏற்கிறேன். கியூப் வார்க்கும் நாளில் கூடவே நின்று, ஊற்றும் தண்ணீரை அளந்து எழுதிவைக்க, ஊரில் இருப்பவர்களில் யாரால் முடியும் என்று தெரிவியுங்கள்.