தாளக்கருவி வகுப்பில் பெண் பிள்ளைகள்: எங்கே தடைபடுகிறது, என்ன செய்தால் தொடர்ந்து வருகிறார்கள்?

மிருதங்க ஆசிரியர், கும்பகோணம்

மிருதங்கத்தில் சேரும் பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டால், "கையில் வலு இல்லை, வீட்டில் விடமாட்டார்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு முன்னால் வகுப்பில் இருக்கும் மிருதங்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 24 அங்குலத் தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம், ஆண் குரலுக்கு 1 அல்லது 1½ கட்டையில் வாசிக்கக் கட்டியது. கட்டை என்பது சுருதியின் உயர அளவு, எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். அந்தப் பிள்ளையோடு பாடப்போகும் தோழிக்கோ 5, 5½ கட்டை. அதே கருவியைத் தட்டித் தட்டி 5 கட்டைக்கு ஏற்றினால் தோல் விறைக்கும், மீட்டுச் சொல் (தோலின் ஓரத்தில் விரலால் எழுப்பும் ஒலி) கார்வையே, அதாவது நீளும் நாதமே, இல்லாமல் பலகையில் தட்டியது மாதிரி விழும், ஒரு நாள் தோலை இழுத்துக்கட்டிய வார் அறுந்துபோகும். நாதம் வரவில்லையே என்று பிள்ளை இன்னும் ஓங்கி அடிக்கும். மணிக்கட்டு வலி அப்படித்தான் ஆரம்பிக்கிறது. பழி மட்டும் பெண் கையின் மேல் விழுகிறது.

வகுப்புக்கு ஒரு ஹெச்சு சுருதி (உயர்ந்த சுருதி) மிருதங்கமாவது வேண்டும். 22 அங்குலம் போதும். வலந்தலை (வலக்கைப் பக்கம்) வாய் சிறியதாகவும் கரணை (அதன் நடுவிலுள்ள கருப்பு வட்டம்) மெல்லிசாகவும் இருக்கட்டும் என்று, கட்டுபவரிடம் எத்தனை கட்டைக்கு என்று சொல்லியே வாங்குங்கள். சின்ன உடம்புக்குக் காலின் மேல் வைத்து உட்காரவும் சுலபம், பையன்களுக்கும் சேர்த்துத்தான். வாய் சிறியது என்பதால் தொப்பியில் (இடக்கைப் பக்கம்) பிசைந்த ரவையைக் குறைத்து ஒட்டவேண்டும். பெரிய மிருதங்கத்துக்குப் பிசையும் அளவை அப்படியே அப்பினால் கும்கி (தொப்பியில் எழும் உருளும் கீழ்நாதம்) அமுங்கிவிடும்.

இன்னொன்று. சுருதி சேர்க்கும் வேலை பல வகுப்புகளில் தானாகவே பையன்களிடம் போய்விடுகிறது. பெண்கள் சேர்த்துவைத்ததை எடுத்து வாசிக்கிறார்கள். முதல் மாதமே சுருதி சேர்க்கும் கல்லையும் மரக்கட்டையையும் அவர்கள் கையில் கொடுங்கள். மூட்டில் (தோலைச் சுற்றிய பின்னல் விளிம்பு) மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரு கண்ணை (மூட்டில் வார் கோத்த இடம்) தட்டியதும் அதற்கு எதிர்க் கண்ணுக்குப் போகவேண்டும். ஒரே பக்கம் தட்டிக்கொண்டே போனால் தோல் கோணிக்கொள்ளும், பதினாறு கண்ணும் பதினாறு விதமாகப் பேசும். இது தெரியாமல் மேடையேறிய பிள்ளை, விளக்குச் சூட்டில் சுருதி விலகியதும் பக்கத்தில் யாராவது சரிசெய்வார்களா என்று பார்க்கும்.

திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்று மேடையேறியது போன நூற்றாண்டின் முற்பகுதியில். பெண் கைக்கு மிருதங்கம் ஒத்துவருமா என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது.

பறைப் பயிற்சியாளர், திண்டுக்கல்

ஐயா சொன்னது பறைக்கும் பொருந்தும். மூன்று மரத்துண்டுகளை வளைவாக இழைத்து, இரும்புப் பட்டை வைத்து இணைத்த சட்டம், ஏறத்தாழ 14 அங்குல விட்டம். எடையை விடத் தோள்வார்தான் பிரச்சினை. வளர்ந்த ஆணின் உயரத்துக்கு முடிச்சுப் போட்ட வாரை 11 வயதுப் பெண் பிள்ளை தோளில் மாட்டினால் சட்டம் இடுப்பெலும்பில் இடிக்கும். பெல்ட் கொக்கி வைத்த வார் போட்டுவிடுங்கள், அவரவர் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அளவு சரியா என்று பார்க்க இடது தோளைக் கவனித்தால் போதும். வாசிக்கும்போது தோள் காதுப் பக்கம் தூக்கினால் வார் குட்டை. மெல்லிய சிண்டுக்குச்சி ஏறத்தாழ 28 சென்டிமீட்டர், தடித்த அடிக்குச்சி 18. சின்ன விரலுக்குச் சிண்டை இன்னும் மெல்லிசாகச் சீவிக் கொடுக்கலாம். நீளத்தைக் குறைத்தால் துள்ளல் போய்விடும்.

பறை காய்ச்சும் வேலையிலிருந்து பெண் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். "நெருப்பு, நீ தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிட்டால் தோல் எப்போது பதமானது என்று காதால் கண்டுபிடிக்கும் பாடம் அவர்களுக்குக் கிடைக்காமலே போகும். நைலான் துப்பட்டா வேண்டாம், பருத்தியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். தோலை அனலுக்குக் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் பொசுங்கும். தட்டிப்பார்த்தால் தொளதொளச் சத்தம் போய்க் கணீரென்று வரும், அப்போது எடுத்துவிடலாம்.

பறையில் பெண் பிள்ளைக்கு இரண்டு சுவர். ஒன்று பெண் என்பது, இன்னொன்று சாதி. "சாவு மேளத்தைப் பெண் பிள்ளை தூக்குவதா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பெற்றோரை முதல் நிகழ்ச்சிக்கு அழைத்தால் தாமதம். பயிற்சி நாளிலேயே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். எந்த நிகழ்ச்சிக்கு வாசிப்போம், எதற்குப் போகமாட்டோம், சம்பளம் எப்படிப் பிரிப்போம் என்பதையெல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து முடிவுசெய்து எழுதிவைத்தால் பாதிப் பயம் குறையும். எங்கள் ஊரில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பல வருடங்களாகப் பறையோடு மேடையேறுகிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வீட்டில் பேசும்போது இவை உதவும்.

வாய்ப்பாட்டு ஆசிரியை, திருச்சி

பாட்டு வகுப்பில் நிலைமை தலைகீழ் அண்ணா, அங்கே காணாமல் போவது பையன்கள். 13, 14 வயதில் குரல் உடையும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ச முதல் அடுத்த ச வரை) இறங்கும். மற்ற எல்லோரும் 5 கட்டையில் பாட, அவன் மேல் ஷட்ஜத்தில் (மேல் ச) பிசிறடிப்பான், சிரிப்பு கேட்கும், அடுத்த வாரம் வரமாட்டான். அந்த ஆறேழு மாதம் அவனுக்கு 1, 1½ கட்டையில் தனித் தம்புரா ஆப் வைத்து, மத்திய ஸ்தாயிக்குள் அடங்கும் வரிசைகளை மட்டும் மெதுவாகப் பாடவைத்தால் தாண்டிவிடுவான். பெண் குரலும் அந்த வயதில் கொஞ்சம் இறங்கும், காற்றுக் கலக்கும். அதை யாரும் குரல் மாற்றம் என்று எண்ணுவதில்லை, "சாதகம் போதவில்லை" என்று திட்டு விழுகிறது. 5½ கட்டையை 5 அல்லது 4½ ஆக்கிப் பாருங்கள்.

திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளுக்கும் இதுதான் வழி. "லேடீஸ் சுருதி, ஜென்ட்ஸ் சுருதி" என்று சொல்வதை விட்டுவிட்டுக் கட்டையைச் சொல்லிப் பழகுங்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் சொல்லும் பெயரை எழுதுங்கள்.

நாதஸ்வரக் கலைஞர்

நாங்கள் சொல்ல ஒன்றுதான். பாரி நாயனத்தில் (நீளமான நாதஸ்வரம்) ஆரம்பித்தால் சின்ன விரல் துளையை முழுக்க மூடாது, காற்று கசியும், சுரம் பிசகும். திமிரியில் (குட்டையான நாதஸ்வரம்) தொடங்குங்கள். சீவாளி (ஊதும் நாணல் துண்டு) இளசாக இருக்கட்டும். நாதஸ்வரம் வாசித்த மதுரை பொன்னுத்தாய் பெயரை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில் இரண்டும் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கின்றன, பெண் பிள்ளைகளும் சேரலாம்.

சபா ஒருங்கிணைப்பாளர், சென்னை

கருவி சரியானாலும் வீடு திரும்பும் வழி சரியில்லை என்றால் பிள்ளை நின்றுவிடும். கடைசி வகுப்பைப் பெண் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் ஏறுவது பெரும்பாடு. வகுப்பிலேயே கருவி இருந்து, வீட்டுச் சாதகத்துக்கு ஒரு பலகையோ ரப்பர் பேடோ கொடுத்தால் தீர்ந்தது.

பாதுகாப்பை நல்ல மனதின் பொறுப்பில் விடக்கூடாது. 2018இல் கர்நாடக இசை உலகில் பாலியல் புகார்கள் வெளிவந்தபோது, சென்னை மியூசிக் அகாடமி அந்த டிசம்பர் சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. சின்ன வகுப்பாக இருந்தாலும் சில விதிகள் கட்டாயம். தனி வகுப்பென்றால் கதவு திறந்திருக்கவேண்டும். செய்திகள் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் போகவேண்டும், பிள்ளையின் தனி எண்ணுக்கு வேண்டாம். கைவைப்பைத் திருத்த ஆசிரியர் எதிரே உட்கார்ந்து தன் கருவியில் காட்டலாம். தொட்டே ஆகவேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடவேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனத்தில் உள்புகார்க் குழு சட்டப்படி வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தொடர்பாக ஏதும் தெரியவந்தால் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி புகார் தெரிவிப்பது கடமை, "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பதற்கு அங்கே இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள்.

மேடை விஷயம் இன்னும் நுணுக்கமானது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரே நெடுங்காலம் பெண்களுக்குப் பக்கம் வாசிக்காமல் இருந்து, பிறகுதான் பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் 1995இல் ஸ்த்ரீ தாள் தரங் என்ற பெண்கள் குழுவையே தொடங்கவேண்டியிருந்தது. இன்று வெளிப்படையாக யாரும் மறுப்பதில்லை, நிகழ்ச்சி நிரலில்தான் தெரியும். இளையோர் கச்சேரிப் பட்டியலை எடுத்து, பெண் வாசிக்கும் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்துக்கு (தாளக்கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதி) எத்தனை நிமிடம், பையன்களுக்கு எத்தனை என்று ஒரு சீசன் முழுக்கக் குறித்துப் பாருங்கள். மகளிர் தினத்தில் மட்டும் பெண் மிருதங்கம் போடாதீர்கள். ஆண் பாடகருக்கும் போடுங்கள், அப்போது தக்கு சுருதி மிருதங்கமும் அவள் கைக்குப் பழகும். மைக்கும் அப்படித்தான். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டும் வையுங்கள். ஒரே மைக்கை நடுவில் நட்டுவிட்டு "பெண் வாசிப்பு, சத்தம் கம்மி" என்று சொல்லும் ஒலிக்காரரிடம் ஒத்திகையிலேயே பேசிவிடுவது நல்லது.

மிருதங்க ஆசிரியர், கும்பகோணம்

நிமிடக் கணக்கு நல்ல யோசனை சார். தொப்பி மைக்கை ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் கும்கி உறுமும்.