ஒடுக்கும் கை பெண்ணின் கையாக இருக்கும் கதைகள்

மதிவாணி:
ஆணாதிக்கத்தைப் பேசும் நம் நாட்டுக் கதைகள் பலவற்றில் பெண்ணை நேரடியாக வதைப்பவர் மாமியாராகவோ கைம்பெண்ணான அத்தையாகவோ பெற்ற தாயாகவோ இருக்கிறார். வீட்டு ஆண்கள் பெரும்பாலும் பேசாமல் ஒதுங்கியிருக்கிறார்கள். இப்படி எழுதுவது, ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்ற பழைய பேச்சுக்குத் துணைபோவதாகாதா?

இளவேனில்:
வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவியின் ‘பிரதம் பிரதிஸ்ருதி’ (1964) நாவலில், ஒன்பது வயதுகூடத் தாண்டாத மகள் சுவர்ணலதாவின் திருமணத்தைத் தாய் சத்தியவதிக்குத் தெரியாமல் முடித்துவைப்பவர் மாமியார் எலோகேசிதான். ஆனால் சத்தியவதி மாமியாரோடு சண்டையிட்டு நின்றுவிடவில்லை. அதைத் தடுக்காத கணவனையும் அவன் வீட்டையுமே துறந்து வெளியேறுகிறாள். குற்றம் எங்கே இருக்கிறது என்பதை நாவலாசிரியர் அந்த வெளியேற்றத்தின் வழியாகவே சொல்லிவிடுகிறார் என்று கருதுகிறேன்.

சேரலாதன்:
ஜெயகாந்தனையும் சேர்த்துப் பாருங்கள். 1966இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், சீரழிக்கப்பட்டுத் திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்கிறாள்; அந்த முடிவை மாற்றி அவர் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலிலோ அதே தாய் கதறிக் கூச்சலிட, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். செய்தி ஆணின் காதுக்குப் போனதும் தீர்ப்பு மாறிவிடுகிறது. தாயின் கொடுமை என்று நாம் படிப்பதில் பாதி, தாயின் அச்சம்.

பொன்னி:
நீங்கள் மூவருமே கூட்டுக் குடும்பத்தையும் குலமானத்தையும் காக்கும் வீடுகளையே பேசுகிறீர்கள். கேள்வியும் அந்த வீடுகளுக்குள்ளிருந்துதான் பிறந்திருக்கிறது. தலித் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் பாமாவின் ‘சங்கதி’ (1994)யில் வரும் மாரியம்மாவைத் துன்புறுத்துவது மாமியார் அல்ல. தன்னிடம் அத்துமீற முயன்ற மேல்சாதி நிலக்காரரிடமிருந்து அவள் தப்பி ஓடிவிட, அவரோ முந்திக்கொண்டு அவள்மீதும் மாணிக்கம் என்ற இளைஞன்மீதும் பழிசுமத்துகிறார். ஊர்க்கூட்டத்தில் பேச முயலும் பெண்களை ஆண்கள் அதட்டி அடக்குகிறார்கள். முடிவில் மாரியம்மாவுக்கு 200 ரூபாயும் மாணிக்கத்துக்கு 100 ரூபாயும் தண்டம் விதிக்கப்படுகிறது. நிலக்காரரை யாரும் விசாரிப்பதில்லை. இங்கே சாதியும் ஆணாதிக்கமும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்கின்றன. உண்மை தெரிந்த பெண்களோ அவள் பக்கமே நிற்கிறார்கள்.

மதிவாணி:
அப்படியானால் என் கேள்வியை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: சொத்தும் சாவிக்கொத்தும் உள்ள வீட்டுக் கதைகளில் மட்டும் மாமியாருக்கு ஏன் இவ்வளவு பெரிய பாத்திரம் கிடைக்கிறது?

இளவேனில்:
காக்க வேண்டிய சொத்தும், தூய்மை கெடக் கூடாத வம்சமும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் காவல் வேலை, அதே வீட்டுக்கு ஒருகாலத்தில் மருமகளாக வந்தவளிடமே ஒப்படைக்கப்படுகிறது.